பூசை போட்ட கம்பி

“தலை முன்னால, கால் பின்னால. இதையும் நானே சொல்லோணுமா?” என்றார் கிருஷ்ணப்பன்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே தலை முன்னாலும் கால் பின்னாலுமாகத்தான் பச்சியப்பனைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் காரியத்தை நடக்கும்படி உத்தரவு போடுவது கிருஷ்ணப்பனுக்கு நெடுநாள் பழக்கம். பெய்துகொண்டிருக்கும் மழையைப் பார்த்து, “பெய்யட்டும்” என்பார். பென்னாகரத்தில் அவருக்கு ஒரு புளி மண்டி இருந்தது. மண்டிக்கு வெளியே நடப்பவற்றையும் தாம்தான் நடத்துவதாக அவருக்கு ஓர் எண்ணமும் இருந்தது.

குப்புராஜ் கால்பக்கம் பிடித்திருந்தான். செத்துக் கிடந்த பச்சியப்பன் அவனுடைய அக்காள் புருஷன்; கிருஷ்ணப்பனின் பிக்கப்புக்கு டிரைவர். அதே வண்டியில் குப்புராஜ் கிளீனர். வண்டி தருமபுரி ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. யுத்தம் முடிந்ததும் பெங்களூரில் பட்டாளத்தார் ஏலம் விட்டதில் வாங்கியது. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு கூண்டு, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. தொட்டி குட்டை, பச்சியப்பன் நெட்டை. பின்பலகையைச் சங்கிலியில் படுக்கவிட்டு, பாதங்கள் அதன்மேல் வரும்படி கிடத்தினார்கள்.

குப்புராஜ் பாதங்களின்மேல் வேட்டியை இழுத்துவிட்டான். இன்னொரு தரம் இழுத்துவிட்டான். பின்பக்கம் செய்வதற்கு வேறு வேலை இல்லை. முன்பக்கத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக விடிந்ததிலிருந்து அவன் இப்படி வேலைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

“குப்பு.”

தொட்டிக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டாள். தீர்த்தம்மாள் புருஷன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த குரல் இல்லை. ஊர் போய்ச் சேருகிறவரை அழுகையைத் தள்ளி வைத்த குரல்.

“மொதலாளி எருமைங்கிறாரே. நீ பாத்தியா?”

“நான் தண்ணி மொள்ளப் போயிருந்தேன்க்கா.”

“அதான், பாத்தியான்னு கேக்கறேன்.”

அவன் வேட்டியை மூன்றாம் தரம் இழுத்துவிட்டான்.

நேற்று சாயங்காலம் தொப்பூர் கணவாயில், அடிபட்டவனைத் தன் மரலாரியில் ஏற்றிக்கொண்டவனிடம் முட்டியதாகக் கிருஷ்ணப்பன் சொன்னது மாடு. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் எருமை. கம்பவுண்டரிடம் சொல்லும்போது அது காட்டெருமையாகியிருந்தது. கொம்பின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினார். டாக்டர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், டாக்டருக்கு யானைக்குக் குறைந்து எதையும் சொல்வது மரியாதையாக இருக்காது.

“ஆனா ஒண்ணு பாத்துக்கங்க” என்று இப்போதும் அவர் வண்டியின் முன்னால் நின்று கம்பவுண்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “இந்தக் கம்பி மட்டும் இல்லீன்னா ரேடியேட்டரு போயிருக்கும். பாருங்க, ஒரு கீறல் உண்டா?”

கீறல் இல்லைதான். கம்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பச்சியப்பன் இருந்தான்.

அந்தக் கம்பி வந்த கதையைச் சொல்லிவிடலாம். போன ஆடியில் இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்து வண்டியில் முட்டியது. கன்று எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது, ரேடியேட்டர்தான் எழவில்லை. வண்டிக்கு முன்னால் ஏதாவது பாதுகாப்பு வைத்தே தீருவது என்று கிருஷ்ணப்பன் மண்டியில் சபை கூட்டினார். மூங்கிலைச் சேர்த்துக் கட்டலாம் என்றார் ஒருவர். பழைய டயரைத் தொங்கவிடலாம், முட்டினாலும் மெத்தென்று இருக்கும் என்றார் இன்னொருவர். புளியங்கட்டை போதும் என்றார் ஒரு தரகர்.

“டயரைக் கட்டிக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?” என்றார் கிருஷ்ணப்பன். “கெடாவுக்குக் கழுத்துல கட்டை கட்டுன மாதிரி இருக்கும்.”

கடைசியில், ரயில்காரர்கள் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டுதான் தம் அந்தஸ்துக்குத் தகுந்தது என்று முடிவு செய்தார். ரயிலே ஏறி ஓடிய இரும்பை மாடு என்ன செய்துவிடும் என்பது அவர் வாதம். கொல்லுப்பட்டறை குள்ளனுக்கு இரும்பு எவ்வளவு கனமோ அவ்வளவு சந்தோஷம். அவனும் தலையாட்டினான்.

நல்ல நாளில், ராகுகாலம் கழித்து, தண்டவாளத்தை வண்டியின் மூக்குக்குக் குறுக்கே வைத்து முடுக்கினார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய். பெயிண்டர் ஒருவன் வந்து கம்பிமேல் வெள்ளை எழுத்தில் ‘அஞ்சேல்’ என்று எழுதிவிட்டுப் போனான். சூடம் காட்டி, எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேங்காய்ச் சில் வாயில் இருக்கும்போது பச்சியப்பன் ஹேண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

“இப்ப இத எப்பிடிங்க உள்ள வுடறது?”

வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் மூக்கில் இருக்கும் துவாரத்தில் ஹேண்டிலை நுழைத்துச் சுற்ற வேண்டும். துவாரத்துக்கு நேர் எதிரே தண்டவாளம் கிடந்தது. மண்டியில் கூடிய அத்தனை மூளைகளில் ஒன்றுக்கும் இது தோன்றவில்லை. உள்ளிருந்தே கிளப்புகிற செல்ப் என்று ஒன்று வண்டியில் இருந்தது. அதற்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி கிருஷ்ணப்பன் வீட்டுக் கூடத்தில் ரேடியோவுக்கு டில்லிச் செய்தி ஊட்டிக்கொண்டிருந்தது. டில்லியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் புளி எப்படி விற்பது?

கம்பியைக் கழற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பூசை போட்டதைக் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் கிருஷ்ணப்பன். ஆகவே குள்ளன் இரண்டு பக்கமும் பட்டை இரும்பு கொடுத்து, கம்பியை ஒன்றரை முழம் முன்னால் தள்ளி நிறுத்தினான். டிரைவர் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து, உள்ளே நின்று சுற்ற வேண்டும்.

“ஆளு நொழையலாம். மாடு நொழைய முடியாது” என்று கிருஷ்ணப்பன் திருப்திப்பட்டார்.

அன்றைக்குச் சோறு தின்னும்போது பச்சியப்பன் இதைச் சொல்லிச் சிரித்தான். “கொட்டாய்ல மாட்டக் கட்டுவாங்க தீர்த்தம்மா. எம்மொதலாளி என்னையக் கட்டிப்புட்டாரு.” அக்கா சிரிக்கவில்லை. குப்புராஜ் சிரித்தான்.

இப்போது அக்காவுக்குப் பக்கத்தில் தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார் சென்றாயன். பச்சியப்பனுக்குச் சித்தப்பா முறை. தகவல் கேட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தவர். உட்கார்ந்ததும் ஆகாசத்தைப் பார்த்தார், விரலை மடக்கினார்.

“இன்னிக்கி என்னா, சனியா?”

எல்லோருக்கும் அது காலையிலேயே தெரியும்.

“சனிப் பொணம் தனியாப் போவாதும்பாங்க. ஒரு கோழிக்குஞ்சாவது கூடக் கட்டி வுட்ரோணும்.”

“குஞ்சு எதுக்கு? சேவலாவே கட்டிருவோம். எம் பொறுப்பு” என்றார் கிருஷ்ணப்பன், கையை நெஞ்சில் வைத்து. ஜட்காக்காரன் ஒருவனைச் சந்தைக்கு விரட்டினார். சேவல் கிடைக்கவில்லை, அவன் ஒரு குஞ்சைத்தான் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். அதைச் சென்றாயன் மடியில் வைத்துக்கொண்டார். அது கீச்கீச்சென்று கத்தும்போதெல்லாம் குப்புராஜ் தொட்டியைவிட்டு ஓரடி தள்ளிப் போனான். கூடப் போகிறவன் யார் என்று அவனுக்கு ஒரு யூகம் இருந்தது. சனிக்கு ஒரு கோழிக்குஞ்சைக் காட்டி ஏமாற்ற முடியும் என்று அவன் நம்பவில்லை.

ஏனென்றால் அவன் பார்த்திருந்தான்.

சேலத்திலிருந்து திரும்பும்போது கணவாய் ஏற்றத்தின் பாதியில் வண்டி மூச்சிரைத்து நின்றது. சூடேறினால் அதற்கு ஒரு குணம்: கியர் முதல் பல்லைக் கவ்விக்கொண்டு விடாது. அப்படிக் கவ்வியிருக்கும்போது ஹேண்டில் போட்டால், உள்ளே ஒருவன் உட்கார்ந்து கிளச்சை மிதித்தபடியே இருக்க வேண்டும். அவன் காலை எடுத்தால் வண்டி பாய்ந்துவிடும்; முன்னால் நிற்பது யார் என்று அது பார்ப்பதில்லை. அந்தக் கால் எப்போதும் குப்புராஜுடைய கால். நேற்று அவன் ரேடியேட்டருக்கு ஒரு தவலை தண்ணீர் ஊற்றிவிட்டு, வழிக்கு இன்னொரு தவலை மொண்டு வர ஓடைக்கு இறங்கினான்.

“அவன் வர்ற வரைக்கும் எதுக்கு நிக்கோணும்? நான் மிதிக்கிறேன். எனக்குத் தெரியாததா?” என்று கிருஷ்ணப்பன் சொன்னது அவன் காதில் விழுந்தது.

தவலையோடு மேலே ஏறி வரும்போது கண்டான். மாமா கம்பிக்குள்ளே குனிந்து சுற்றுகிறார். இஞ்சின் பிடித்துவிட்டது. அதே சமயம் மேல் வளைவில் ஒரு கறுப்புக் கார் இறங்கி வருகிறது. சர்க்கார் கார் மாதிரி இருந்தது. அதிகாரிகளுக்கு உட்கார்ந்தபடி கும்பிடு போடுகிற ஆள் இல்லை கிருஷ்ணப்பன். கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் ஊன்றினார். எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

வண்டி பாய்ந்து மலைச்சரிவில் முட்டி நின்றது.

கறுப்புக் காரில் டிரைவரைத் தவிர ஒருவரும் இல்லை.

பச்சியப்பன் விடிகிறவரை பேசாமல் கிடந்து விடியும்போது போய்விட்டான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த குப்புராஜிடம் கிருஷ்ணப்பன் வந்தார். அவன் தோள்மேல் கை போட்டார், அதுவரை போட்டதில்லை.

“அப்பன், ஆத்தா இல்லாத பையன் நீ. நேத்து நீதான் உள்ள ஒக்காந்திருந்தேன்னு போலீஸ்ல சொல்ல எனக்கு எத்தன நேரமாவும்? சொல்லல பாத்தியா. எருமைன்னேன்.”

“ஆமாங்க” என்றான் குப்புராஜ்.

“எருமைதான?”

“ஆமாங்க.”

அதற்கப்புறம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள். நேற்றுக்குப் பின் அதை யாரும் கிளப்பவில்லை. கியர் கவ்வியது கவ்வியபடியே இருந்தது.

“சரி, கெளம்பலாம். பொழுதோட போய்ச் சேரோணுமில்ல” என்றார் கிருஷ்ணப்பன். சோலாத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கம்பவுண்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “வேற மொதலாளியா இருந்தா கட்டை வண்டியில போட்டு அனுப்பிருப்பான். நம்ம வண்டியில ஒழச்சவன் நம்ம வண்டியிலதான் போவோணும். கூட நானும் வர்றேன்.”

பிறகு டிரைவர் இருக்கைக் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

குப்புராஜ் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான். “தள்ளிக் கெளப்பிரலாங்க.”

“தள்றதா?” கிருஷ்ணப்பன் தலையை வெளியே நீட்டினார். “தருமபுரியில, ஆஸ்பத்திரி வாசல்ல, கிருஷ்ணப்பன் வண்டிய நாலு பேரு சேந்து தள்ளுனாங்கன்னு பேரு வரட்டுமா? ஹேண்டிலப் போடு. நான் மிதிக்கிறேன்.”

“நான் மிதிச்சுக்கறேங்க. வேற யாராச்சும்...”

“வேற யாருக்கடா இங்க ஹேண்டிலு போடத் தெரியும்? டாக்டரக் கூப்புடட்டுமா?”

கம்பவுண்டர் சிரித்தார். சிரித்த பிறகு பிணத்தைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டார். அக்கா தொட்டியிலிருந்து, “நேரமாவுதுடா குப்பு. பெத்த மகனப் பாக்க அத்த அங்க வாசல்லயே நிக்கும்” என்றாள். அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் அவசரப்படுத்தினாள்.

ஹேண்டில் இருக்கைக்கு அடியில் இருந்தது. பிடியில் மாமா சுற்றி வைத்த துணி இன்னும் இருந்தது. குப்புராஜ் அதை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கம்பியைப் பார்த்தான்.

ஒன்றரை முழம் இடம் நேற்று ஒரு முழமாகச் சுருங்கியிருந்தது. பட்டை இரும்புகள் இரண்டும் முட்டி போட்டதுபோல மடங்கியிருந்தன. மலையின் செம்மண் தண்டவாளத்தில் அப்பியிருந்தது. ‘அஞ்சேல்’ என்பதில் முதல் எழுத்து மட்டும் தேய்ந்து போயிருந்தது. யாரோ தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள், அவசரமாக. ஒரு திருகாணியின் தலையில் மாமாவின் நீலச் சட்டையின் நூல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

குனிந்தான். நேராக நுழைய முடியவில்லை, பக்கவாட்டில் நுழைந்தான். நிமிர்ந்தபோது தண்டவாளம் முதுகைத் தொட்டது. சட்டைக்குள்ளே அது சில்லென்று இருந்தது. முன்னால் ரேடியேட்டர், கீறலில்லாமல். அதற்கு மேலே கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே தொப்பி.

“மொதலாளி.”

“என்னடா?”

“காலு எங்கங்க இருக்குது?”

“என் காலு எங்கிட்டத்தான் இருக்குது. சுத்துடா.”

“மிதிச்சிருக்கீங்களா?”

“எனக்குத் தெரியாததா?”

அவன் ஹேண்டிலைத் துவாரத்தில் விட்டான். அது இரண்டு தரம் விளிம்பில் தட்டிவிட்டு உள்ளே போனது. ஒரு சுற்று. ஒன்றுமில்லை. தொட்டியில் குஞ்சு கத்தியது. இன்னொரு சுற்று. வண்டி இருமியது. குப்புராஜுக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. பிடிக்கக் கூடாது, இது பிடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்குக் கையை இறக்கினான். கண்ணை மட்டும் தொப்பியிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்தார்.

தொப்பி தலையைவிட்டு வெளியேறியது. கண்ணாடிக்குள்ளே ஓர் இடுப்பு இருக்கையிலிருந்து மேலே எழுந்தது.

கம்பிக்கு அடியில் எப்படிப் புகுந்து வெளியே வந்தான் என்று குப்புராஜுக்குத் தெரியாது. முதுகுச் சட்டை பட்டை இரும்பில் மாட்டிப் பாதி அங்கேயே நின்றுவிட்டது. மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு கிடந்தான். வண்டி ஒரு தரம் குலுங்கி அடங்கியது. இஞ்சின் பிடித்திருக்கவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

“வணக்கங்க” என்று கிருஷ்ணப்பன் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு வாசல் வழியாக உள்ளே போய்விட்டார்.

கிருஷ்ணப்பன் கூப்பிய கையைப் பிரித்து, தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார்.

“என்னடா, எலி மாதிரி ஓடறே? எந்திரி.”

குப்புராஜ் எழுந்தான். ஹேண்டிலை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினான். கோயிலில் தட்டை நீட்டுவது போலிருந்தது.

“நீங்க வந்து சுத்துங்க மொதலாளி. நான் மிதிக்கிறேன்.”

“நானா?”

“உங்களுக்குத் தெரியாததுங்களா?”

கேலியாக இல்லை, கேலி செய்ய அவன் உடம்பில் தெம்பு இல்லை. கம்பவுண்டர், ஜட்காக்காரன், தோட்டி, தலையில் கட்டுப் போட்ட நோயாளி ஒருவன், எல்லோரும் கிருஷ்ணப்பனைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு காரியம் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஹேண்டிலை வாங்கிக்கொண்டார்.

குப்புராஜ் ஏறி உட்கார்ந்து கிளச்சை அடிவரை மிதித்தான்.

கிருஷ்ணப்பன் கம்பிக்கு முன்னால் போனார். தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றினார். குனிந்தார். தலை கம்பிக்கு அடியில் போயிற்று, தோள் போயிற்று. அங்கிருந்தபடியே நிமிர்ந்து கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே பச்சியப்பனின் மச்சான் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் தெரிந்தது. கால் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு தலை வெளியே வந்தது.

“இடுப்புப் புடிச்சுக்கிச்சு” என்றார்.

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார்.

கூண்டின் பின்பக்கத் துவாரத்துக்கு அருகே அக்காவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டாள்.

“நேத்தும் இவருதான் உள்ள ஒக்காந்திருந்தாரா?”

குப்புராஜ் திரும்பவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“குப்பு.”

“எருமை ஒண்ணும் வல்லக்கா.”

பிறகு, “மாமா, கொஞ்சம் தலையப் புடிச்சுக்கங்க” என்று அவள் சென்றாயனிடம் சொல்வது கேட்டது. இறங்கி வந்தாள். கிருஷ்ணப்பன் நின்ற பக்கமாகவே நடந்து வந்தாள். அவர் ஒதுங்கி வழி விட்டார். மறுபக்கக் கதவைத் திறந்து, அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவர் சன்னலோரம் வந்தார். “தீர்த்தம்மா, கேக்கறவன் நூறு கேப்பான். உன் தம்பிக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் நான்...”

“பொணத்த வெச்சுக்கிட்டு என்னாங்க பேச்சு” என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி. “தள்ளுங்க.”

முதலில் ஜட்காக்காரன் போய்ப் பின்பலகையில் கை வைத்தான். தோட்டி வந்தான். கம்பவுண்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்தார். தலைக்கட்டு நோயாளியும் ஒரு கை போட்டான். கடைசியில் கிருஷ்ணப்பனும் போய் நின்றார். அவர் கைக்கு அருகேதான் பச்சியப்பனின் பாதங்கள் இருந்தன. பலகையைத் தொட்டுக்கொண்டு, தள்ளுகிற முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

வண்டி முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டில் இறங்கியது. குப்புராஜ் காலை மெல்ல எடுத்தான். வண்டி குதித்தது, இருமியது, பிடித்துக்கொண்டது. கம்பிமேல் இருந்த சோலாத் தொப்பி அந்தக் குதியில் எகிறிச் சக்கரத்துக்கு அடியில் போயிற்று.

“நிறுத்துடா. நான் ஏறோணும்” என்று பின்னால் குரல் கேட்டது. கொஞ்ச தூரம் ஓடியும் வந்தது. பிறகு ஜட்காக்காரன், “வண்டி வேணுங்களா?” என்று கேட்பது கேட்டது. குப்புராஜ் நிறுத்தவில்லை. நிறுத்தி அணைந்துவிட்டால் மறுபடி கம்பிக்குள் ஒருவன் நுழைய வேண்டும்.

கியர் முதல் பல்லை விடவே இல்லை. வண்டி மாட்டு வண்டியை முந்தலாமா வேண்டாமா என்ற வேகத்தில் பென்னாகரம் ரோட்டில் ஊர்ந்தது. சோளக்காடுகள் மெதுவாகப் பின்னால் போயின. வழியில் எதிர்ப்பட்டவர்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றார்கள்.

இண்டூருக்கு முன்னால், புளியமர நிழலில், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு செம்மறி மந்தை குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

அவன் கிளச்சை மிதித்தான். பிரேக்கை மிதித்தான். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. ஆடுகள் வண்டியைப் பார்க்கவில்லை. ஒன்றன் முதுகில் ஒன்று முகத்தை வைத்துக்கொண்டு போயின. சில ஆடுகள் நின்று, தண்டவாளத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணை முகர்ந்து பார்த்தன. குட்டி ஒன்று கம்பிக்கு அடியில் நுழைந்து, இடுக்கில் நின்று கத்தியது. ஆட்டுக்காரன் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு, குட்டியை எடுக்க ஓடிவந்து குனிந்தான்.

கிளச்சை மிதித்திருந்த குப்புராஜின் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. தொடையிலிருந்து பாதம்வரை, அவன் சொல்லைக் கேட்காமல், தறியின் மிதிகட்டை மாதிரி ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். இன்னும் அழுத்த வண்டியில் இடமில்லை.

அக்கா இருக்கையிலிருந்து சரிந்து கீழே குத்துக்காலிட்டாள். அவன் பாதத்தின்மேல் தன் இரண்டு கையையும் வைத்து, தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டுக்காரன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போன பிறகும், மந்தை முழுதும் கடந்து ரோட்டில் புழுதி அடங்கிய பிறகும், அவள் கையை எடுக்கவில்லை.